வெள்ளைக் கட்டத்து பிஷப்

உத்திரமேரூர்
12-3-2024

அன்பு மகள் அப்ரோஸுக்கு, லேகாவின் அம்மா செங்கேணி எழுதிக்கொண்டது. செகந்திராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, ரயில்வே வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாயா? இங்கே நானும் லேகாவின் அப்பாவும் இருக்கிறோம். இருக்கிறோம் என்றுதான் எழுத முடிகிறது.

நான் அஞ்சாவது வரை படித்தவள். கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன் பண்ணலாமே என்று நினைப்பாய். போனில்தான் அந்தச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம், தெலுங்கில் யாரோ பேசினார். ஸ்ரீலேகா, ஸ்ரீலேகா என்று அவர் சொன்னது மட்டும்தான் புரிந்தது. ரயிலில் பையை எங்கேயோ விட்டுவிட்டாள், யாரோ நல்ல மனுஷன் எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிப்பா" என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் போனைத் தொடுவதில்லை.

உன் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன். நீ அடக்கத்துக்கு வரவில்லை. அதைக் கேட்க எழுதவில்லை. ஏழாவது படிக்கும்போது சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரே செஸ் அட்டையில் ஆடினீர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பேன். விஜயவாடாவில் பெண்களுக்கான அகில இந்தியப் போட்டியின் கடைசி ஆட்டத்திலும் நீங்கள் இருவரேதான். நீ கோப்பையோடு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. அதே பக்கத்தில் கீழே, லேகா போன ஆட்டோ மேல் லாரி மோதிய செய்தி. லேகாவின் அப்பா அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் அவள் இல்லை. கடைசியாக அவள் உட்கார்ந்தது உன் எதிரில். அவள் எழுந்து போகும்போது முகம் எப்படி இருந்தது? தோற்றுவிட்டோமே என்று போனாளா? எனக்கு அது தெரிந்தால் போதும். ஒரு வேலையாக அன்றைக்கே கிளம்பி வரும்படி நான்தான் சொல்லியிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் லேகாம்மா
செங்கேணி

*

செகந்திராபாத்
4-4-2024

அன்புள்ள லேகாம்மாவுக்கு, அப்ரோஸின் சலாம். நோன்பு நாள்கள் இங்கே கடும் வெயிலில் போகின்றன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

உங்கள் எழுத்தை உறையின் மேல் பார்த்துவிட்டு நான்கு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அடக்கத்துக்கு வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

லேகா அன்று மிக நன்றாக ஆடினாள். கடைசியில் ஒரு சிறு தவறு. பெரிய ஆட்டக்காரர்களுக்கும் வருவதுதான். அதற்காக அவள் வருந்தவில்லை. நீங்களும் அதை நினைத்து மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. துஆவில் உங்களை நினைக்கிறேன்.

அப்ரோஸ்

*

உத்திரமேரூர்
20-4-2024

அன்பு மகள் அப்ரோஸுக்கு, நோன்பு முடிந்து உடம்பு தேறியதா? இங்கே ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. லேகாவின் அப்பா நெல் மண்டிக்குப் போகிறார், வருகிறார். வலியைப் பற்றிச் சொல்வதில்லை.

பெருநாளுக்கு உன் அம்மா நஜீமா தூக்கில் பிரியாணி கொண்டுவந்தாள்.

"இன்னாக்கா, இப்படி எலும்பும் தோலுமா கீற? ரெண்டு வாய் துன்னு. நான் பார்த்துக்கினே இருப்பேன், ஏமாத்த முடியாது."

"அப்ரோஸ் வரலியா?"

"எங்க வரா? பெருநாளுக்காவது வாடின்னா, பேஜார் பண்ணாதம்மான்றா. ஜெயிச்ச கப்பைப் பீரோ மேல துணி போட்டு மூடி வச்சிக்கினு கீறாளாம். கூட கீற பொண்ணு சொல்லிச்சு. கப்புக்கு இன்னா குளிரா அடிக்குது?"

நான் சிரித்துவிட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான். உடனே உள்ளே 'டக்' என்று சத்தம். லேகாவின் செஸ் கடிகாரத்தின் பட்டனைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் தினமும் எனக்குக் கேட்கிறது. நஜீமாவுக்குக் கேட்கவில்லை. "தர்காவுல தாயத்து ஓதி வாங்கியாரட்டாக்கா?" என்றாள். "எம் பொண்ணு வந்தா நான் எதுக்குடி தாயத்து கட்டிக்கணும்?" என்றேன். அவள் இன்னொரு கரண்டி பிரியாணியை என் தட்டில் வைத்தாள்.

நீ ஒரு சிறு தவறு என்று எழுதியிருக்கிறாய். என்ன தவறு? லேகாவின் பலகை டிரங்குப் பெட்டி மேல் இருக்கிறது. ஓரத்தில் எழுத்தும் நம்பரும் போட்டிருக்கிறது. கடைசியில் எந்தக் காய் எங்கே இருந்தது என்று எழுது. நான் வைத்துப் பார்க்கிறேன். அவள் கடைசியாகப் பார்த்ததை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நேரத்துக்குத் தூங்கு.

செங்கேணி

*

செகந்திராபாத்
10-5-2024

அன்புள்ள லேகாம்மாவுக்கு, சலாம். நீங்கள் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னார். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். வெள்ளைக் காய் எனக்கு. என் ராஜா எஃப்-6. சிப்பாய் எச்-6. பிஷப் இ-3, அது கறுப்புக் கட்டம். பிஷப் என்பது உச்சியில் வெட்டு விழுந்தது போல இருக்கும் காய். குறுக்காகவே போகும். கறுப்பில் நின்றால் கடைசிவரை கறுப்பிலேயே போகும். லேகாவிடம் ராஜா மட்டும், ஜி-8 இல். அவள் நகர்த்த வேண்டிய முறை.

இந்த நிலையில் சில நகர்வில் முடிந்துவிடும். யாராலும் தப்ப முடியாது. அவளுக்கு அது தெரியும். அதனால்தான் மேலே ஆடாமல், தோற்றதாக ஒப்புக்கொண்டு கை கொடுத்தாள். அவ்வளவுதான் லேகாம்மா.

உங்களையும் அப்பாவையும் அல்லாஹ் காக்கட்டும்.

அப்ரோஸ்

*

உத்திரமேரூர்
30-5-2024

அன்பு மகள் அப்ரோஸுக்கு, நலமாக இருக்கிறாயா? எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், சரியாகிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு. அதனால் பலகையும் நானுமாக இருக்கிறேன்.

நீ எழுதியபடி வைத்தேன். நாலே காய். இவ்வளவு பெரிய பலகையில் என் மகளுக்கு ஒரு ராஜா மட்டும். லேகாவின் பழைய நோட்டில் எந்தக் காய் எப்படிப் போகும் என்று படம் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். நீ சொன்ன மாதிரி சில நகர்வில் ராஜா மாட்டிக்கொள்கிறது. மறுபடியும் முதலிலிருந்து அடுக்கி வைத்தேன்.

இப்போது எழுதப் போவதைப் படித்து என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே. பிஷப்பை நீ சொன்ன இ-3 கறுப்புக் கட்டத்தில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறது. டி-3. வெள்ளை. கை பட்டிருக்கும் என்று திரும்ப எடுத்து வைத்தேன். மறுநாளும் அப்படித்தான். மற்ற மூன்று காயும் அசையவில்லை. இதுவரை ஆறு தடவை ஆகிவிட்டது.

லேகாவின் அப்பாவிடம் கேட்டேன். "நான் ஏண்டி அத்தத் தொடப் போறேன்? அது கிட்டயே நான் போறதில்ல. எலி தள்ளியிருக்கும்" என்றார்.

"எலிக்கு அந்த ஒரு காய்தான் புடிக்குதா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பயமில்லை. அவள் வந்து வைக்கிறாள் என்றால் வைத்துவிட்டுப் போகட்டும். எதற்காக அந்த ஒன்றை மட்டும் என்றுதான் தெரியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை எல்லா நகர்வும் எழுதி அனுப்புகிறாயா? இன்னும் ஒன்று. ஆடும்போது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாளா? ஊருக்குப் போக வேண்டும் என்று ஏதாவது சொன்னாளா? மறைக்காமல் எழுது.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செங்கேணி

*

செகந்திராபாத்
22-7-2024

அன்புள்ள லேகாம்மாவுக்கு, சலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

அந்தப் பலகையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன். காயை ஒரு பையில் போட்டுக் கட்டி, பலகையை மடித்து, கண்ணில் படாமல் வையுங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நகர்வு எழுதிய தாள் என்னிடம் இல்லை. கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை. ஊரைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பலகையை மூடிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அப்ரோஸ்

*

உத்திரமேரூர்
9-9-2024

அன்பு மகள் அப்ரோஸுக்கு, சுகமா? இங்கே மழை ஆரம்பித்திருக்கிறது. இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

பலகையை மூடவில்லை.

லேகாவின் பை அங்கே போலீஸ் ஸ்டேஷனிலேயே இருந்தது. லேகாவின் அப்பா போன மாதம் விஜயவாடா போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். சுடிதார் இரண்டு, சீப்பு, உடைந்த கண்ணாடி, எனக்கு வாங்கிய ஒரு டப்பா ஊறுகாய். ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாள். அடியில் மைத்தாள் வைத்து எழுதிய நகல். உன் தாளும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் எழுத்துதான். எழுபத்தொரு நகர்வு. பழைய நோட்டை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு காயாக நகர்த்தினேன். தப்பு வந்தால் முதலிலிருந்து. பதினோரு நாள் ஆனது.

கடைசியில் என் கையே பிஷப்பைக் கொண்டுபோய் டி-3 இல் வைத்தது. வெள்ளைக் கட்டம். 

அதிலிருந்து ஆடிப் பார்த்தேன். லேகாவின் ராஜா மூலைக்குப் போகிறது. அந்த மூலை கறுப்பு. உன் பிஷப்பால் அந்தக் கட்டத்தைத் தொடவே முடியவில்லை. சிப்பாயைத் தள்ளினால் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போகிறது, ஆனால் எந்தக் காயும் அதைத் தாக்கவில்லை. அப்படியானால் ஆட்டம் சமம் என்று நோட்டில் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது இதே படத்தைப் போட்டுக் கீழே எழுதியிருக்கிறாள்: "மூலை கறுப்பு, பிஷப் வெள்ளை. டிரா. தூங்கிக்கொண்டே ஆடலாம்." எட்டாவதில் தெரிந்தது இருபத்து நாலு வயதில் மறந்துபோகுமா?

தாளில் மூன்று இடத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிறு கோடு போட்டிருக்கிறாள். அது என்ன என்று இரண்டு நாள் தேடினேன். டிரா கேட்டால் அந்தக் குறி போட வேண்டுமாம். அப்படியானால் மூன்று தடவை உன்னிடம் கேட்டிருக்கிறாள்.

நான் உன்னிடம் மறைத்ததை முதலில் சொல்கிறேன். ஒரு வேலை என்று எழுதினேனே, அது பொண்ணு பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பழையசீவரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். "இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கட்டைய நவுத்திக்கினு கீப்ப? காலைல நீ வூட்ல இல்லன்னா எம் மூஞ்சில முழிக்காத" என்று போனில் கத்தினேன். அவளுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அது. செய்தி வந்த பிறகு அவர்களுக்குச் சொல்லி அனுப்ப எங்களுக்குத் தோன்றவில்லை. பத்து மணிக்குத் தட்டும் பூவுமாக வந்து வாசலில் நின்றார்கள். அந்தப் பூவைத்தான் மறுநாள் அவளுக்கு வைத்தோம்.

அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்தாளா என்று கேட்டேன். என் வாய்க்குப் பயந்துதான் எழுந்து ஓடினாளா? அதை நான் தெரிந்துகொள்ளாமல் இருக்க நீ பிஷப்பை மாற்றி வைத்தாயா? என் மேல் உள்ள இரக்கமா அது? இல்லை, வேறு ஏதாவது இருக்கிறதா?

செங்கேணி

*

உத்திரமேரூர்
21-10-2024

அப்ரோஸுக்கு. உடம்பு சரியில்லையா? ஆறு வாரம் ஆகிறது. நீ மறுபடியும் ஒரு போட்டியில் பாதியில் கிளம்பிவிட்டாய் என்று நஜீமா அழுதாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்டதை உன்னிடம்தான் கேட்பேன்.

பிஷப் இப்போது டி-3 இல்தான் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

செங்கேணி

*

செகந்திராபாத்
16-11-2024

லேகாம்மா,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இரக்கம் பாதி. மீதிப் பாதியை எழுதத்தான் இவ்வளவு நாள்.

நானும் லேகாவும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். "நாளைக்கு சாயங்காலம் ஆறு பத்துக்கு வண்டிடி. மறுநா காலைல பொண்ணு பாக்க வராங்க. மாப்பிள்ளைக்குக் குதிரை எப்படிப் போவும்னு தெரியுமான்னு கேக்கப் போறேன். தெரியலன்னா காப்பி கெடையாது." நான், "அப்ப சீக்கிரமா தோத்துட்டு ஓடு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எல்லாச் சுற்றுப் புள்ளிகளையும் கூட்டித்தான் இடம். மறுநாள் கடைசிச் சுற்றில் நான் ஜெயித்தால்தான் கோப்பை. சமம் என்றால் மூன்றாவது இடம். லேகாவுக்கு எதுவானாலும் இடம் மாறாது. நாலரை மணிக்கே ஆட்டம் செத்துவிட்டது. வெள்ளை பிஷப், கறுப்பு மூலை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் டிரா கேட்டாள். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். விதி எனக்கு இடம் கொடுத்தது. சிப்பாயைத் தொடாமல், காய் எதுவும் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்வு ஆனால்தான் அவளாகச் சமம் கேட்டு வாங்க முடியும். அதுவரை நான் சும்மா காயை இங்கும் அங்கும் நகர்த்தலாம். ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஒரு மணி நேரம் அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, நடுவர் காதில் விழாமல், "அப்ரோஸ், வண்டிடி" என்றாள். நான் "ஆடு" என்றேன்.

ஐந்து மணி வாக்கில் அவள் செஸ் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோற்றதாகக் கை நீட்டினாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். ஆட்டம் முடிந்தால் நாங்கள் இருவரும் எப்போதும் பக்கத்து அறைக்குப் போய், ஆடியதை மறுபடி அடுக்கிப் பேசுவோம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. அன்று அவளுக்கு நேரமில்லை. எனக்கு முகமில்லை.

அவள் முகம் எப்படி இருந்தது என்று முதல் கடிதத்தில் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது லேகாம்மா. கை கொடுக்கும்போது நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவள் இல்லை. கோபமா, சிரிப்பா, வெறுப்பா, தெரியவில்லை. எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் முகம் வருவதில்லை.

இப்போது யார் டிரா கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். ஜெயிக்கிற ஆட்டத்திலும். பலகையின் முன் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரைப் பார்க்க முடிவதில்லை.

பிஷப் தானாக நகர்ந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்த நாளில் இந்த அறையின் விளக்கை நான் அணைக்கவே இல்லை.

அப்ரோஸ்

*

உத்திரமேரூர்
15-12-2024

அப்ரோஸுக்கு, செங்கேணி எழுதிக்கொண்டது. குளிர் அதிகமாக இருக்கும், போர்த்திக்கொள். லேகாவின் அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு ஒயுங்கா துன்னுதான்னு கேளு" என்றார். 

நான் ஒரு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். சத்துணவுக் கூடத்தில் குண்டானைத் தேய்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன், பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்த்தால், உனக்குச் சொன்ன வார்த்தையை எனக்கும் சொல்ல வேண்டியிருந்தது. நீ "ஆடு" என்றாய், நான் "வா" என்றேன். இரண்டு பேரும் அவளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. லாரிக்காரன் பேர் கூடத் தெரியாது. அவனைத் திட்டி மனம் ஆறவில்லை.

உன்னை மன்னித்தேன் என்று எழுதலாம். எழுதினால் பொய். போகட்டும் என்று விடவும் வரவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன், செய்.

லீவு போட்டுவிட்டு வா. உன் அம்மா வீட்டுக்குப் போகும் முன் இங்கே வா. எழுபத்தொன்றாவது நகர்வில் நின்றது நின்றபடி பலகை இருக்கிறது. உன் பக்கத்தில் நீ உட்கார். அவள் பக்கத்தில் நான் உட்காருகிறேன். ராஜாவை மூலைக்கும் பக்கத்துக்கும் நகர்த்தத் தெரிந்துகொண்டேன். நீ ஐம்பது நகர்வும் ஆட வேண்டும். சிப்பாயைத் தொடக் கூடாது. நடுவில் டிரா என்று கை நீட்டினால் நான் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு நகர்வுக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். அவளுக்கு என் முகம்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசித்து ஆடு. நான் எழுந்திருக்க மாட்டேன். எனக்குப் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை.

செங்கேணி